டெல்பர்ட் எப்படி வீட்டுக்கு வந்தான்?

"எல்லாம் சரி, நான் எப்படி வீட்டுக்கு வந்தேன்?" என்று கேட்டார் லைல் போட்கின்.

ஒலிப்பதிவுக் கூண்டுக்குள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர். அன்றைக்கு அவர் வந்தது வசனம் பேச அல்ல. அதெல்லாம் போன வருஷமே முடிந்த வேலை. அவர் பேசியதை வைத்து இங்கே பர்பாங்கில் படம் வரைந்து, வரைந்ததைக் கொரியாவுக்கு அனுப்பி, அங்கே அசைவும் வண்ணமும் ஏற்றி, இப்போதுதான் முழுப் படமாகத் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்த்து, விழுகிற இடத்தில் ஒரு முனகல், ஓடுகிற இடத்தில் கொஞ்சம் மூச்சிரைப்பு என்று ஒட்டுப்போட்டுக் கொடுப்பதுதான் பாக்கி. கார்ட்டூன் வேலையில் நடிகர்கள் தாங்கள் நடித்த கதையை முழுசாகப் பார்ப்பதே இப்படி ஒரு நாளில்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காபியை வாய்க்குக் கொண்டுபோன கார்லிஸ் டூகன் கையைப் பாதியில் நிறுத்தினாள். அந்த அத்தியாயத்தை எழுதியவள் அவள்.

ஒலிப்பதிவாளர் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். வில்லனின் தீவு எரிகிறது. ஆறு பேர் கொண்ட குழு கரையில் நிற்கிறது. அவர்கள் வந்த வண்டி கடலுக்குள் போய்விட்டது. பறக்கிறவள், மனதைப் படிக்கிறவளைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். பாறையன் ஒரு பெரிய பாறையைப் பெயர்த்து, அதன்மேல் ஏறி நின்று வானத்தில் போகிறான். பனி ஊதுகிறவள் கடலின்மேல் பாதை போட்டுச் சறுக்க, சுவருக்குள் புகுகிறவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறான். தீவு வெடிக்கிறது. அடுத்த காட்சியில் சாப்பாட்டு மேசை. ஆறாவது ஆளான டெல்பர்ட், லைல் குரல் கொடுக்கிறவன், மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டு, ரொட்டித் தட்டை இந்தப் பக்கம் தள்ளச் சொல்கிறான்.

டெல்பர்ட்டுக்குச் சக்தி எதுவும் கிடையாது. ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். பறக்கவும் மாட்டான், கடல்மேல் நடக்கவும் மாட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு போனதாகவும் எங்கேயும் இல்லை. எரிகிற தீவில் அவனை விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கார்லிஸ் எழுதியதைத் தலைமை எழுத்தாளர் வெண்டல் படித்தார், சக எழுத்தாளர்கள் படித்தார்கள், சானலில் படித்தார்கள். படம் வரைந்தவர்கள் காட்சி காட்சியாக வரைந்தார்கள். வெட்டி ஒட்டியவர்கள் வெட்டி ஒட்டினார்கள். கடல் தாண்டி இன்னொரு நாட்டில் ஒரு கூட்டம் உட்கார்ந்து வண்ணம் பூசியது. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டது, மூச்சிரைத்துக் காட்ட வந்த லைல்தான். அவரும் கோபமாகக் கேட்கவில்லை. எங்கே மூச்சிரைக்க வேண்டும் என்று தெரியாததால் கேட்டார்.

"நீந்தி வந்தேனா? நீந்தி வந்திருந்தா இங்க வேற மூச்சு வேணும்மா. அதான் கேட்டேன்" என்றார்.

மதியத்துக்குள் சங்கதி மாடி முழுக்கப் பரவிவிட்டது. கதை விவாத அறையில் ரஃபி ஓர்டாஸ் அவளுக்காகவே காத்திருந்தான். மூன்றாவது வருஷமாக அந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கும் கேலி ஒன்று உண்டு. சண்டை உச்சத்தில் இருக்கும்போது யாராவது, "ஆமா, டெல்பர்ட் எங்கே?" என்று கேட்டால் எல்லோருமாக, "வண்டியில இருக்கான்" என்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். ரஃபி இன்றைக்கு அதற்கு வால் ஒட்டினான். "வண்டியும் முழுகிடுச்சே மகராசி. இப்ப அவனை எங்க வைக்கிறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கார்லிஸும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் ஒரு வாரம் ஓட்டுவார்கள்.

உள்ளே சிரிப்பு இல்லை. டெல்பர்ட் அவள் பெற்ற பிள்ளை. முதல் வருஷம் அவள் அந்த அறையில் குறிப்பெடுக்கிற உதவியாளாக இருந்தபோது, ஓர் அத்தியாயத்தில் அடிபட்ட பாறையனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போக ஒரு டிரைவர் தேவைப்பட்டான். நாலு வரி வசனம். அவளை எழுதச் சொன்னார்கள். லைல் அந்த நாலு வரியையும், வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கிறவரைப் போன்ற ஒரு குரலில் பேசினார். அந்தக் குரலுக்காக டிரைவரை இன்னொரு முறை கூப்பிட்டார்கள், பிறகு இன்னொரு முறை, கடைசியில் குழுவிலேயே சேர்த்துவிட்டார்கள். கார்லிஸுக்கும் அந்த வருஷம்தான் எழுத்தாளர்கள் மேசையில் நாற்காலி கிடைத்தது. அப்படிப்பட்டவனை அவளே தீவில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எழுதும்போது கை எங்காவது ஒரு கணம் தயங்கியதா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை. ரொட்டித் தட்டு வசனம் நன்றாக வந்திருக்கிறது என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டதுதான் ஞாபகம் வந்தது.

சானலின் ஆள் ஆட்ரா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். கெட்டவள் அல்ல. எல்லோரிடமும் தணிந்த குரலில் பேசுவாள், அவளுக்கு மேலே இருப்பவர்களுக்குப் பயப்படுவாள். டெல்பர்ட்டை என்ன செய்வது என்ற பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. தொடரின் பொம்மைகளை விற்கிற கம்பெனி ஒரு கையுறை செய்து அனுப்பியிருந்தது. போட்டுக்கொண்டால் முழங்கைவரை நீலமாக ஒளிரும். டெல்பர்ட் அதை மாட்டிக்கொண்டால் அவனும் மின்னல் விடலாம். அது வேண்டாமென்றால் வருஷக் கடைசி அத்தியாயத்தில் அவன் சாகலாம், குழு அழலாம், அடுத்த வருஷம் ஐந்து பேரோடு தொடங்கலாம். தீவு விஷயம் அவளுக்கு வாட்டமாகக் கிடைத்தது.

"படம் வரைஞ்சவங்க கேக்கல. எடிட் பண்ணவங்க கேக்கல. நான் கேக்கல. எழுதின நீங்களே கேக்கல கார்லிஸ். பாக்குற பசங்க மட்டும் எதுக்குக் கேக்கப் போறாங்க?" என்றாள்.

வெண்டல் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். அது அவர் யோசிக்கிற விதம். தீவுக்குச் சுலபமான ஒரு ஒட்டு இருந்தது. படத்தை இனி மாற்ற முடியாது, ஒலியை மாற்றலாம். பறக்கிறவள் தூரத்தில் புள்ளியாகத் தெரியும் இடத்தில் வாயசைவு தெரியாது. அங்கே அவள், "கனமா இருக்கியே டெல்பர்ட்" என்று சொல்ல, லைல், "மெதுவாப் பிடிச்சுக்கம்மா" என்று சொன்னால் முடிந்தது. அவனையும் தூக்கிக்கொண்டு போனதாக ஆகிவிடும். ரஃபி சொன்ன யோசனை. லைல் வந்திருந்த அன்றைக்கே பேசிப் பதிவும் பண்ணியாகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அத்தியாயத்தின் ஒலியைக் கடைசியாகக் கோத்து மூடுகிறபோது சேர்த்துவிடுவார்கள்.

ஆட்ரா போன பிறகு வெண்டல் கார்லிஸை நிறுத்தினார். கடைசி அத்தியாயம் அவளுடையது, முன்பே பங்கு போட்டது. "வியாழன் காலைல நடிகர்களோட வாசிப்பு. அதுக்குள்ள அவனுக்கு ஒரு கையுறை, இல்லைன்னா ஒரு சவப்பெட்டி. ரெண்டும் வேண்டாம்னா மூணாவதா ஏதாவது கொண்டு வா. ஆனா அவன் இல்லாம அந்தக் கதை நகரக் கூடாது. நகர்ந்துச்சுன்னா, ஆட்ரா சொல்றதுதான் சரி" என்றார்.

அன்று முழுக்க அறையில் மூன்றாவது வழி தேடினார்கள். எல்லோருடைய சக்தியும் போய்விட, சக்தியே இல்லாதவன் காப்பாற்றுகிறான் என்றார் ஒருவர். "பவர் கட் கதை" என்றான் ரஃபி. உலகத்தில் இருக்கிற எல்லாத் தொடரிலும் வந்துவிட்டது. அவன்தான் குழுவின் மூளை என்றார் இன்னொருவர். மூன்று வருஷமாக வண்டி ஓட்டியவனுக்குத் திடீரென்று மூளை எங்கிருந்து வந்தது என்று கேள்வி வந்தது. மனம் தளர்ந்த குழுவுக்கு அவன் ஓர் உரையாற்றுகிறான் என்ற யோசனையை யாரும் பலகையில் எழுதக்கூட இல்லை. மெக்சிகன் கடையிலிருந்து சாப்பாடு வந்தது, தொட்டுக்கொள்ள வந்த சல்சா தீர்ந்தது, வெள்ளைப் பலகையில் எழுதியதை அழித்து எழுதி அழித்ததில் பலகை சாம்பல் நிறமாகிவிட்டது. கார்லிஸால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், கழிவறைக்குப் போனாள், காபி இயந்திரத்தின் முன்னால் போய் நின்று காபி எடுக்காமல் திரும்பி வந்தாள்.

சாயங்காலம் வான் நைஸில் இருந்த வீட்டுக்குப் போகிற சாலையை விட்டுவிட்டு, வேறு சாலையில் ஏறி, கிளெண்டேல்வரை போய்த் திரும்பினாள். வழியில் சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்து, தள்ளுவண்டியோடு எல்லா வரிசையிலும் நடந்து, ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். என்னதான் கோபம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஆட்ராமேல் இல்லை, ரஃபிமேலும் இல்லை. பறக்கிறவர்களுக்கு நடுவே ஒரு டிரைவரை உட்கார வைத்துவிட்டு, அவன் அங்கே எதற்கு என்று மூன்று வருஷமாகத் தான் யோசிக்கவே இல்லை என்பது முள்ளாகக் குத்தியது. அவன் நல்லவன், வேடிக்கையாகப் பேசுவான், ரொட்டி கேட்பான். அவ்வளவுதான். அவளும் அந்த மேசையில் மூன்று வருஷமாக நல்லவளாக, வேடிக்கையாகப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு அவளுடைய நாற்காலியை எடுத்துவிட்டால் யாராவது கேட்பார்களா? அந்த யோசனை வந்ததும் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை நேரே பெட்டினா ஓயாமாவின் அறைக்குப் போனாள். எழுதிய கதையைக் கட்டம் கட்டமாக வரைகிறவர்களுக்கெல்லாம் பெட்டினாதான் தலைவி. அவர்கள் வரைவதுதான் படம். எழுத்தில் 'பயங்கரமான சண்டை' என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடுவதை வாரக்கணக்கில் வரைவது அவர்கள். சண்டைக் காட்சிகளில் டெல்பர்ட்டை எப்போதும் வண்டிக்குள் ஏற்றிவிடுகிறார்கள் என்று கார்லிஸுக்கு வெகுநாளாக ஒரு குறை இருந்தது. எழுத்தில் 'குழு' என்று எழுதினால் ஐந்து பேரைத்தான் வரைகிறார்கள். இன்றைக்கு அதைச் சொல்லியே விட்டாள். நீங்கள் வரிசையாக மறந்தீர்கள், அதைப் பார்த்துப் பார்த்து நானும் மறந்தேன் என்கிற தொனியில்.

பெட்டினா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் மறந்தேனா? தெரிஞ்சேதான் ஏத்துறேன். அவன் தெருவுல நின்னா என்னால பஸ்ஸைத் தூக்கி எறிய முடியாதும்மா."

"ஏன்?"

"ஏன்னா? அவன் தலையில ஒரு செங்கல் விழுந்தா அவன் காலி. மத்த அஞ்சு பேரும் கட்டடமே விழுந்தாலும் தூசி தட்டிட்டு எந்திரிப்பாங்க. ஒரே தெருவுக்கு நான் ரெண்டு விதமான செங்கல் வரையணும். இந்தப் பக்கம் விழுந்தா பஞ்சு, அந்தப் பக்கம் விழுந்தா சாவு. பாக்குறவனுக்குச் சண்டை ருசிக்குமா? எந்தக் கல்லு அவன்மேல விழும்னு பதறிக்கிட்டே உக்காந்திருப்பான். கொன்னுடு அவனை. நல்லா பூ போட்டு அனுப்பி வைப்போம். என் பசங்க நிம்மதியா வரைவாங்க."

சொல்லிவிட்டு மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அவசரம். கார்லிஸ் நன்றி சொன்னாளா என்றுகூட ஞாபகமில்லாமல் வெளியே வந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் தன் காரில் ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருகவில்லை. இறங்கினாள். மறுபடி ஏறினாள். இரண்டு விதமான செங்கல். மூன்று வருஷமாக அந்தத் தொடரில் நகரம் நகரமாக இடிந்திருக்கிறது. பாறையன் கோபுரங்களைப் பிடுங்கி வீசியிருக்கிறான், பறக்கிறவள் பாலத்தை உடைத்துக்கொண்டு போயிருக்கிறாள், இடிபாட்டின்மேல் நின்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஒரு செங்கலுக்குக்கூட எடை இருந்ததில்லை. எடையைக் கொண்டுவருகிற ஒரே ஆளை ஒவ்வொரு முறையும் வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவன் பயனில்லாதவன் என்பதால் அல்ல, அவன் இருந்தால் விளையாட முடியாது என்பதால்.

அங்கேயே, காருக்குள்ளேயே, மடிக்கணினியை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். வெயில் ஏறி உள்ளே அடுப்பாக ஆனபோதுதான் மாடிக்குப் போனாள். மதியம் அறைக்குச் சாப்பிட வரவில்லை. ரஃபி எட்டிப் பார்த்து, டெல்பர்ட்டை எந்த இடுகாட்டில் அடக்கம் பண்ணப் போகிறாய் என்று கேட்டான். அவள் நிமிரவில்லை என்றதும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

மாலைக்குள் வெண்டல் பக்கங்களைப் படித்து முடித்திருந்தார். அவர் எதிரே அவள் உட்காராமல் நின்றாள்.

"கடைசிச் சண்டைல இவன் என்ன பண்றான்? வண்டியை விட்டு இறங்குறான்."

"ஆமா."

"இறங்கித் தெருவுக்கு நடுவுல நிக்கிறான். அப்புறம்?"

"நிக்கிறான், அவ்வளவுதான். அவங்க எதையும் தூக்கிப் போட முடியாது. ஒவ்வொரு கல்லையும் எங்க விழும்னு பாத்து எறியணும்."

"அப்போ இவனால சண்டை மெதுவாகுது. வில்லன் பாதி தப்பிச்சுப் போறான். இவன் இருக்கறதால குழுவுக்கு நஷ்டம்."

"நஷ்டந்தான். இவன் இல்லாட்டி நஷ்டமே தெரியாது வெண்டல். அதுக்குத்தான் இவன்."

வெண்டல் கழுத்தைத் தேய்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். கதை சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. டெல்பர்ட் ரொட்டியை வைத்துவிட்டு மற்றவர்களைக் கேட்கிறான், அன்றைக்குத் தீவிலிருந்து நான் எப்படி வந்தேன் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்று. இந்தக் கேள்வி நிற்க வேண்டுமானால், தீவு அத்தியாயம் அந்த ஓட்டையோடேயே ஒளிபரப்பாக வேண்டும். தூரத்தில் புள்ளியாகப் பறக்கிறவள் வாயில் அந்த ஒட்டு வசனத்தைச் சேர்க்கக் கூடாது. அதையும் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆட்ரா ஒப்புக்கொண்டாலும் ஊரெல்லாம் சிரிக்கும், கடைசி அத்தியாயம் வருகிறவரை மாதக்கணக்கில் சிரிக்கும், எழுதியவள் என்று திரையில் அவள் பெயர்தான் போகும், நாளைக்கு வேறு தொடரில் வேலை கேட்கப் போகிறபோது அதைத்தான் முதலில் சொல்லுவார்கள் என்றார். ஆட்ரா ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை, டெல்பர்ட் கையுறை மாட்டிக்கொள்வான். கார்லிஸ் அதையெல்லாம் ஏற்கெனவே யோசித்தாயிற்று என்றாள். யோசித்திருக்கவில்லை. சொன்ன பிறகுதான் யோசிக்கத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை வாசிப்புக்கு நீள மேசையைச் சுற்றி நடிகர்கள் உட்கார்ந்தார்கள். சுவரோரமாக வரைகிறவர்கள், மடியில் வரைபலகையோடு. மேசையின் கோடியில் ஆட்ரா, கையில் பேனா. வாசிப்பில் ஒரு வழக்கம் உண்டு. நடிகர்கள் வசனத்தைப் படிப்பார்கள். என்ன நடக்கிறது என்கிற விவரிப்பை எழுத்தாளர்களில் ஒருவர் படிக்க வேண்டும், ஆனால் எழுதியவர் படிக்கக் கூடாது. எழுதியவர் படித்தால் தன் பக்கத்தைத் தானே தூக்கிப் பிடிப்பார். மூன்று வருஷமாக அது ரஃபியின் வேலை. எந்த விவரிப்பையும் சிரிப்பு வருகிற மாதிரி படிப்பான். கார்லிஸ் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பேகல் ரொட்டி ஒன்றைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேசைக் காட்சியை லைல் அவசரமில்லாமல் படித்தார். மீன் படகு ஒன்று வந்தது, துறைமுகத்தில் இறக்கிவிட்டது, அங்கிருந்து பஸ் ஏறினேன், வந்து உட்கார்ந்தேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மனதைப் படிக்கிறவளாக நடிக்கிற பெண், "உன் மனசை நான் பாக்கல டெல்பர்ட். சண்டைக்குத் தேவைப்படறவங்க மனசைத்தான் பாப்பேன்" என்று படித்தாள். படித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போவதற்கு முன் தண்ணீர் குடித்தாள்.

கடைசிச் சண்டை வந்தது. ரஃபி தன் வழக்கமான வேகத்தில்தான் தொடங்கினான். பாறையன் பஸ்ஸைத் தூக்குகிறான் என்று அவன் படித்தபோது ஓரிருவர் சிரிக்கத் தயாரானார்கள். அடுத்த வரியில் நிறுத்தினான். காகிதத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தான். "வண்டிக் கதவு திறக்கிறது. டெல்பர்ட் இறங்குகிறான். தெருவின் நடுவில் போய் நிற்கிறான். ஒன்றும் செய்யவில்லை." வேடிக்கையே இல்லாமல், பெயர்ப் பலகையைப் படிப்பதுபோலப் படித்தான்.

பாறையனுக்குக் குரல் கொடுப்பவர் முன்னாள் மல்யுத்தக்காரர். மேசை அதிர வசனம் பேசுகிறவர். அவருக்கு அங்கே, 'விலகு' என்று ஒரே ஒரு வார்த்தை, பக்கத்தில் 'கர்ஜனை' என்று குறிப்பு. அவர் கர்ஜிக்கவில்லை.

"விலகு டெல்பர்ட்" என்றார், தாழ்ந்த குரலில்.

"மாட்டேன்" என்றார் லைல். "வைக்கிறதுக்கு வேற எடம் பாரு."

முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் கைதட்டினார்கள். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது, மோசமான கதைக்கும் தட்டுவார்கள். ஆட்ராவின் காகிதங்களில் கார்லிஸ் எட்டிப் பார்த்தாள். ஒரு குறிப்புகூட இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ஆட்ரா பேனாவை மூடிவிட்டு, வெண்டலிடம், கொஞ்சம் பேசலாமா என்றாள். இரண்டு பேரும் எதிரே இருந்த கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நடிகர்கள் கலைந்தார்கள். லைல் போகிற வழியில் அவளிடம் நின்றார். ஒட்டு வசனத்தைத்தான் அன்றைக்கே பேசிவிட்டேனே, அது பாட்டுக்கு அங்கே கிடக்கட்டும், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்றார். பிறகு கையுறை போட்டுக்கொண்டால் தன்னையே வைத்துக்கொள்வார்களா, மின்னல் விடுகிற குரலுக்கு வேறு ஆள் பார்ப்பார்களா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். அவர் தலையசைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ரஃபி கண்ணாடி அறையைப் பார்த்தபடி பக்கத்தில் வந்து நின்றான். "வெண்டல் கையை விரிக்கிறாரு" என்றான். "அவ தலையாட்டுறா. சரின்னு ஆட்டுறாளா, போதும்னு ஆட்டுறாளா?" அவன் கார்லிஸின் தட்டிலிருந்து பேகல் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வேறு எதுவும் கேலி செய்யாமல் போனான். ஆட்ரா இப்போது ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். ஒலி கோக்கிறவர்கள் சாயங்காலத்துக்குக் காத்திருப்பார்கள்.

அவளால் நிற்கவும் முடியவில்லை. மேசையைச் சுற்றி நடந்தாள். அப்போதுதான், வரைகிறவர்களெல்லாம் காபிக்குப் போய்விட்ட பிறகும் பெட்டினா மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வரைபலகைமேல் குனிந்திருந்தாள். யாரும் இன்னும் வரையச் சொல்லவில்லை. சொல்வார்களா என்றும் தெரியாது.

"பாரு நீ பண்ண வேலையை" என்றாள் பெட்டினா, நிமிராமலே.

தெரு போட்டிருந்தாள். நடுவில் சின்னதாக டெல்பர்ட். ஆனால் அவள் பேனா அவன்மேல் இல்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்களில் இருந்தது. அந்தத் தொடரில் ஜன்னல் என்றால் நீலக் கட்டம், அவ்வளவுதான். எத்தனையோ ஆயிரம் நீலக் கட்டங்கள் மூன்று வருஷத்தில் நொறுங்கியிருக்கின்றன. பெட்டினா அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள். ஒன்றில் ஒரு கிழவர் கன்னத்தில் சோப்பு நுரையோடு வெளியே பார்த்தார். ஒன்றில் பாதி இழுத்த திரை. இன்னொன்றில் தொலைக்காட்சியின் வெளிச்சம், சோபாவுக்குப் பின்னால் குனிகிற இரண்டு தலைகள்.

"அவனுக்கு வலிக்கும்னா மேல இருக்கறவங்களுக்கும் வலிக்கும்ல. காலியா எப்படி விடறது?" என்று முணுமுணுத்தாள். கோபமாகத்தான் சொன்னாள். கை நிற்கவில்லை.

எதிரே கண்ணாடி அறையின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கார்லிஸ் திரும்பவில்லை. பலகையில் நாலாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண்ணின் கை மட்டும் நீண்டு, விளிம்பில் இருந்த பூந்தொட்டியை, கீழே நிற்கிறவன் தலையில் விழாமல், உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது. பெட்டினா அதை ஒரு கணம் பார்த்தாள். பிடி போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். விரல்களை அழித்துவிட்டு, தொட்டியைச் சுற்றி இன்னும் இறுக்கமாக, ஒவ்வொன்றாக மறுபடி வரைந்தாள்.